கண்ணாடி வாங்கின கதை

ஏழாம் வகுப்பு படிக்கும்போது எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று கண்டுபிடித்தது வாத்தியார் இல்லை, எங்க நைனா. (சித்தூர்ப் பக்கம் தமிழ் பேசுகிற வீடுகள் பலதில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ், திட்டும்போது ரெண்டும். கண்டுக்காதீங்க.) சித்தூர் பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்தி, தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டைப் படிடா என்றார். "எங்க பஸ்ஸு?" என்று கேட்டேன். அவ்வளவுதான். அடுத்த பஸ்ஸில் வேலூர், ஷெல் ஆஸ்பத்திரி. எடுத்த எடுப்பில் மைனஸ் மூன்று. புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த அன்று வேலூரிலிருந்து சித்தூர் வரைக்கும் ஒரு போர்டு விடாமல் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். நைனா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "உனக்கு ஸ்டீயரிங் கிடையாதுடா. நல்லாப் படி."

அதை அவர் எந்த வருத்தத்தோடு சொன்னார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. நைனா ஆர்டிசி டிரைவர். சாதா டிரைவர் இல்லை, மலை டிரைவர். 1979-லிருந்து 2010-ல் ரிடையர் ஆகிறவரை, பெரும்பாலான வருஷங்கள் திருப்பதி - திருமலை ரூட்டுதான். வாரம் முழுக்கத் திருப்பதியில் ஜாகை, லீவுக்குச் சித்தூர் வீடு. ஏறுகிற பாதை 1974-ல் போட்டது, இறங்குகிற பாதை 1944-ல் போட்ட பழசு. பழசில்தான் வளைவு ஜாஸ்தி, 36 என்பார். ஒவ்வொரு வளைவுக்கும் அவரிடம் ஒரு பெயர் இருந்தது, சிலதை இங்கே எழுத முடியாது. வருஷா வருஷம் டிப்போவில் கண் பரிசோதனை. 6/6 என்று எழுதிக் கொடுத்த சீட்டை, நாம டிகிரி சர்டிபிகேட் வைப்பதுபோல் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அவர் வீட்டில் ஒரு சோடாபுட்டி!

சரி, கொசுவத்தி போதும். விஷயத்துக்கு வருவோம்.

நான் இப்போது இருப்பது வட கரோலினாவில், கேரி என்கிற ஊரில். ஆணி பிடுங்குவது கம்ப்யூட்டரில். 2023 கடைசியில் ஒரு சின்ன கேமரா ட்ரோன் வாங்கினேன், டிஜேஐ மினி 4 ப்ரோ. எடை 249 கிராம். இங்கே பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிறவர்கள் 250 கிராமுக்குக் கீழே இருந்தால் பதிவு செய்ய வேண்டியதில்லை, அதற்காகவே ஒரு கிராம் குறைத்துச் செய்திருக்கிறார்கள். ஆறு மாதம் ரிமோட்டின் திரையைப் பார்த்துப் பறக்கவிட்டேன். நல்லாத்தான் இருந்தது. ஆனாலும் அது கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்று டிவியில் முகூர்த்தம் பார்ப்பது மாதிரி. உள்ளே போகணும் என்றால் எஃப்பிவி கண்ணாடி வேண்டும். ட்ரோனின் கேமரா பார்ப்பதை அப்படியே கண் முன்னால் காட்டுகிற மூடுகண்ணாடி. போட்டுக்கொண்டால் நாமதான் ட்ரோன்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதை முதலில் சொல்லிவிடுகிறேன், தங்கமணியிடம் வாங்கிய திட்டாவது யாருக்காவது பிரயோஜனப்படட்டும்.

முதல் விஷயம், எந்தக் கண்ணாடியும் எந்த ட்ரோனோடும் சேரும் என்று நினைக்காதீர்கள். படத்தை அனுப்புகிற ரேடியோ முறை ஒன்றாக இருக்கவேண்டும். ஃபேட் ஷார்க், ஸ்கைசோன் மாதிரி அனலாக் ஆட்கள் தனி உலகம். படம் பழைய தூர்தர்ஷன் மாதிரி புள்ளிபுள்ளியாக வரும், ஆனால் தாமதம் கிட்டத்தட்ட இல்லை என்பதால் ரேஸ் விடுகிறவர்கள் அதை விடமாட்டார்கள். நம்ம மாதிரி மலையும் குளமும் பார்க்கிறவர்களுக்கு டிஜிட்டல்தான் சரி. அதிலும் ஒரே கம்பெனிக்குள்ளேயே சேரும் சேராது என்று ஜாதகம் பார்க்கணும். காகிள்ஸ் 2 என் மினியோடு சேரும், அவாட்டா 2-வோடு சேராது. 2024 நவம்பரில் 229 டாலருக்கு வந்த என்3 அவாட்டா 2-வோடு சேரும், என் மினியோடு சேராது. இன்னொரு வயிற்றெரிச்சல், என்னிடம் ஏற்கெனவே இருந்த ரிமோட் கண்ணாடி போட்டால் வேலைக்காகாது. துப்பாக்கிப் பிடி மாதிரி மோஷன் கன்ட்ரோலர் என்று ஒன்றைத் தனியாக வாங்கவேண்டும். பெட்டியில் அதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கலாம் இல்லையா?

இரண்டாவதுதான் என் தலைவலி. கண். எனக்கு இப்போது இடது மைனஸ் 6.5, வலது மைனஸ் 7. முதலில் அவசரப்பட்டு ஒருத்தரிடம் செகண்ட் ஹேண்டில் இன்டெக்ரா வாங்கினேன். பேட்டரி தலைப்பட்டையிலேயே இருக்கும், ஒயர் தொங்காது, பார்க்க ஜோர். ஆனால் அதில் பவர் திருகு கிடையாது, தனியாக லென்ஸ் செய்து பொருத்தவேண்டும். மூக்குக் கண்ணாடியோடு அதைப் போட முயன்று, கண்ணாடிக் காது வளைந்து, மூக்கில் தழும்பு வாங்கி, பத்தே நாளில் விற்றேன். அப்புறம் அந்த வருஷம் ஏப்ரலில்தான் காகிள்ஸ் 3 வந்திருந்தது. வெளியே என்ன நடக்கிறது என்று காட்ட முன்னால் ரெண்டு குட்டிக் கேமரா வேறு. கடைக்காரத் தம்பி அதையே வாங்கச் சொன்னான். நல்லவேளை, விவரப் பட்டியலைக் கடைசி வரை படித்தேன். அதன் பவர் திருகு பிளஸ் 2-லிருந்து மைனஸ் 6 வரைதான். எனக்கு ஒரு கண் அரைப் பாயிண்ட், இன்னொன்று ஒரு பாயிண்ட் அந்தப் பக்கம்! பழைய காகிள்ஸ் 2-ல் மைனஸ் 8 வரை போகும். எடையும் 290 கிராம்தான், 3-க்கு 470. ஆக, புதுசை விட்டுவிட்டுப் பழசை வாங்கினேன். பேட்டரியை ஒயரோடு சட்டைப்பையில் வைத்துக்கொள்ளணும், பரவாயில்லை.

சிலிண்டர் பவர் இருக்கிறவர்கள் கவனம், இந்தத் திருகு எதுவும் அதைச் சரிசெய்யாது. எனக்குக் கொஞ்சம்தான் இருப்பதால் ஓட்டிவிட்டேன். அதிகம் இருந்தால் தனி லென்ஸ், அல்லது மூக்குக் கண்ணாடிக்கு உள்ளே இடம் இருக்கிற பெட்டி மாதிரி மாடல், என்3 அந்த ஜாதிதான். ஆனால் கனம் அரைக் கிலோவைத் தாண்டும், கழுத்துக்காரர்கள் யோசிக்கவும்.

ரெண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள தூரமும் முக்கியம். காகிள்ஸ் 2-ல் 56 மில்லிமீட்டரிலிருந்து 72 வரை நகர்த்தலாம். என் பெண்ணுக்கு ஒன்பது வயசு, அவளுக்கு 53-தான். போட்டுப் பார்த்துவிட்டு "ரெண்டு வானம் தெரியுது" என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள். குடும்பமே பார்க்கும் என்று கணக்குப் போட்டு வாங்குகிறவர்கள் இந்த ஒரு எண்ணை முதலில் பாருங்கள்.

இதையெல்லாம் படித்துப் படித்து முடிவெடுத்த நான், படிக்காமல் விட்டது சட்டத்தை. கண்ணாடி போட்டுக்கொண்டு பறக்கவிடுகிறவனுக்கு வானம் தெரியாது அல்லவா? அதனால் அமெரிக்கச் சட்டப்படி இன்னொரு ஆள் பக்கத்திலேயே நிற்கவேண்டும், வெறும் கண்ணால் ட்ரோனைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், நம்மோடு பேசிக்கொண்டே இருக்கவேண்டும். 249 கிராம் என்றாலும் இதில் சலுகை கிடையாது. ஆயிரக்கணக்கில் செலவு செய்து வாங்கிய கண்ணாடியை ஒத்தை ஆளாகப் போட முடியாது! தங்கமணிக்கு என்னைவிட ஆணி ஜாஸ்தி. பெண்ணுக்கு இதில் பொறுமை இல்லை. ஆபீஸ் நண்பர் ஒருவர் பிட்ஸ்பரோ பக்கம் தன் பண்ணையில் பறக்கவிட்டுக்கொள்ளச் சொன்னார், ஆனால் பக்கத்தில் நிற்க அவருக்கு நேரமில்லை.

அந்த நேரத்தில்தான் நைனா வந்திருந்தார். அம்மா போன பிறகு முதல் தடவையாக, தனியாக. 2024 ஏப்ரலிலிருந்து ஆறு மாதம். வந்த ஒரு மாதத்தில் அவருக்கு எங்கள் தெருவின் கார் எல்லாம் மனப்பாடம். சன்னல் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த வீட்டுக்காரர் எத்தனை மணிக்குப் போகிறார், யார் ஸ்டாப் போர்டில் நிற்காமல் போகிறார் என்று சாயங்காலம் எனக்கு ரிப்போர்ட் கொடுப்பார். வேறு என்ன செய்வார்? பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. என்னோடும் பெரிதாகப் பேச்சில்லை. சின்ன வயசிலிருந்தே அவர் வாரம் ஒருநாள் வருகிற விருந்தாளி, நான் பதினேழு வருஷமாக ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை போகிற விருந்தாளி. ரெண்டு விருந்தாளி ஒரு வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

திருப்பதி அரவிந்தில் ரெண்டு கண்ணுக்கும் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. தூரப் பார்வை பழையபடி கணீரென்று இருந்தது, பேப்பர் படிக்க மட்டும் கண்ணாடி. "நைனா, எனக்கு ஒரு உதவி பண்ணணும்" என்று ஆரம்பித்து விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதாவது நீ ஓட்டுற, ஆனா உனக்கு ரோடு மட்டும்தான் தெரியும், சைடு தெரியாது."

"ஆமா."

"நான் சைடு பாத்துச் சொல்லணும்."

"ஆமா."

"கண்டக்டர் வேலைன்னு சொல்லேன்டா."

மறுநாள் கடைக்குக் கூட்டிப் போகச் சொல்லி ஒரு டாலருக்கு ஒரு விசில் வாங்கினார். ஒரு விசில் என்றால் அப்படியே நில். ரெண்டு விசில், ரைட் ரைட். நீளமாக ஊதினால் உடனே இறக்கு. நான் சட்டப் புத்தகத்தில் படித்த 'நேரடித் தொடர்பு' எங்கள் வீட்டில் இப்படித்தான் அமலுக்கு வந்தது :-)

அந்தக் கோடை முழுக்கச் சனிக்கிழமை காலையில் பண்ணைக்குப் போவோம். நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி போட்டுக்கொள்வேன் (முதல் சில வாரம் உட்கார்ந்துதான் பறக்கவிடணும், நின்றால் தலை சுற்றிச் சாய்ந்துவிடுவோம்). நைனா என் இடது தோள் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார். கண்ணாடிக்குள் நான் மரங்களுக்கு மேலே போய்க்கொண்டிருப்பேன். காதில் மட்டும் அவர் குரல்: "லெஃப்டுல கழுகு ஒண்ணு சுத்துது, தூரமாத்தான்... இன்னும் தூரம்... சரி போயிடுச்சு." இதற்கு நடுவில், கேட்காமலே, பழைய கதை வரும். பிரம்மோற்சவத்துக்கு ராத்திரி பகல் இல்லாமல் ட்ரிப் அடித்தது. மழையில் பாறை விழுந்து பாதியில் நின்றது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவன் டிரைவரே இல்லை, கியரில் பிடித்து இறங்கணும் என்பது. எனக்கு முகம் மூடியிருந்தது, அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் இருந்ததால்தானோ என்னவோ, அம்மாவின் கடைசி வாரத்தைப் பற்றி முதல்முறையாக அங்கேதான் பேசினார். நான் ட்ரோனை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டுக் கேட்டேன். பேட்டரி எச்சரிக்கை வந்ததும் அவரே "இறக்குடா" என்றார்.

ஜூலையில் ஒருநாள் நீள விசில். கண்ணாடிக்குள் எனக்கு நீல வானம், பச்சை வயல், எந்தத் தொந்தரவும் இல்லை. அதில் தெரிகிற பார்வை அகலமே 51 டிகிரிதான். மனுஷனின் சாதாரணப் பார்வையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. "ஏன் நைனா?" என்றேன். திரும்பவும் விசில், இந்தத் தடவை காதுக்குள்ளேயே. இறக்க ஆரம்பித்தேன். அப்புறம்தான் எனக்கே சத்தம் கேட்டது. ஒரு ஆஸ்பத்திரி ஹெலிகாப்டர், என் முதுகுப் பக்கமிருந்து, தாழ்வாக. ட்ரோன் தரையைத் தொட்டு, நான் கண்ணாடியைக் கழற்றி நிமிர்ந்தபோது அது எங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. உள்ளே யாரோ ஒரு நோயாளி. எனக்குக் கை நடுங்கியது. நைனா விசிலைச் சட்டையில் துடைத்துப் பையில் போட்டார். "காடு வளைவுல எதிர்ல வர்றவனைக் கண்ணால பாக்க முடியாதுடா. மரத்துல காக்கா எழும்புறதை வச்சுத்தான் தெரிஞ்சுக்கணும். அங்க பாரு, மாடெல்லாம் தலையைத் தூக்கிச்சு." அவ்வளவு தூரத்தில் மாடு நின்றதே எனக்குத் தெரியாது.

ஆகஸ்டில் குடும்பத்தோடு ஸ்மோக்கி மலைப் பக்கம் போனோம். டென்னசி எல்லையில் யு.எஸ். 129 சாலையில் 11 மைலுக்கு 318 வளைவு. 'டெய்ல் ஆஃப் த டிராகன்' என்று பெயர் வைத்து, பைக்காரர்கள் தீர்த்த யாத்திரை வருகிறார்கள். பக்கத்திலேயே தேசியப் பூங்கா, அங்கே ட்ரோன் கூடாது. அதனால் காரில் மட்டும். 36 வளைவுக்காரருக்கு 318-ஐக் காட்டுவோம் என்கிற கொழுப்புதான். நான் ஓட்ட, நைனா பக்கத்து சீட்டில். நூறாவது வளைவுக்கு முன்னாலேயே முகம் வெளுத்துவிட்டது. "ஓரங்கட்டுடா" என்றார். முப்பது வருஷம் பின்சீட்டில் எலுமிச்சம்பழம் மோந்து பார்த்தவர்களை எல்லாம் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தவர்! இறங்கி நின்று தண்ணீர் குடித்துவிட்டு, "ஸ்டீயரிங் கையில இருந்தா வராது" என்றார்.

அது விஞ்ஞானமும்கூட. ஓட்டுகிறவனுக்கு அடுத்த திருப்பம் எங்கே என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரியும். உட்கார்ந்து வருகிறவனுக்குக் கண் ஒன்று சொல்லும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்லும், நடுவில் வயிறு மாட்டிக்கொள்ளும். எஃப்பிவி கண்ணாடியிலும் இதே கதைதான். பறக்கவிடுகிறவன் சமாளித்துவிடுவான், இன்னொரு கண்ணாடி போட்டு வேடிக்கை பார்க்கிற விருந்தாளிதான் வாந்தி எடுப்பான். வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டும் ஆசை இருந்தால் நாற்காலியில் உட்காரவைத்து, மெதுவாக, நேராக, ரெண்டு நிமிஷம். அதற்குமேல் பாவம்.

இதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் உறைக்கவே இல்லை. அந்தக் கோடை முழுக்க நைனா ஒரு தடவைகூட அந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்க்கவில்லை. எப்படிப் போட முடியும்? அவர் காவல். அவர் கண்ணை மூடினால் நான் இறக்கணும். செப்டம்பர் கடைசியில் விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போதுதான் ஞாபகம் வந்தது. அடுத்த சனிக்கிழமையிலிருந்து கண்ணாடி பெட்டிக்குள் போய்விட்டது.

அப்போதுதான் குறுக்குப் புத்தி வந்தது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ட்ரோனையும் தூக்கிக்கொண்டு போனால் என்ன? உள்ளங்கை அளவுதானே. அலிபிரிக்கு இந்தப் பக்கம் எங்காவது நின்று, அவர் முப்பது வருஷம் ஓட்டிய பாதையை, பஸ்ஸிலிருந்து அவர் பார்க்கவே முடியாத உயரத்திலிருந்து, அவர் கண்ணுக்குக் காட்டினால்? பல ராத்திரி இதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

2025 ஏப்ரலில் அவரே போன் பண்ணினார். "கேட்டியா, எவனோ யூட்யூப்காரன் மலை மேல ட்ரோன் விட்டு மாட்டிக்கிட்டானாம். விஜிலென்ஸ்காரங்க புடிச்சிட்டாங்க." 2023 ஜனவரியிலும் கோயிலை மேலிருந்து எடுத்த வீடியோ ஒன்று வெளியாகிப் பெரிய ரகளை ஆனது. ஆகமப்படி கோயிலுக்கு மேலே எதுவும் பறக்கக்கூடாது என்பது ஒருபக்கம், பாதுகாப்பு ஒருபக்கம். திருமலையில் ட்ரோனுக்குத் தடை. நான் கொஞ்சம் இழுத்தேன். "கோயில் மேல இல்ல நைனா, ரோடு மட்டும், கீழே இருந்து..." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அப்படித்தான் நினைச்சேன்னு காணிப்பாக்கத்துல வந்து சொல்லுவியா?" என்றார். சித்தூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: சித்தூருக்குப் பக்கத்தில் காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் பொய் சத்தியம் செய்ய எங்கள் ஊரில் எவனுக்கும் துணிச்சல் வராது.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோனை இந்தியாவுக்குள் கொண்டுவருவதற்கே தடை இருக்கிறது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு வேலைகளுக்கு மட்டும், அதுவும் அனுமதி வாங்கி. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. ஊருக்கு எடுத்துப் போய்த் தம்பி கல்யாணத்தைப் படம் எடுக்கலாம் என்று யாராவது பெட்டியில் வைத்திருந்தால், எடுத்து வெளியே வையுங்கள். ஏர்போர்ட்டில் போய்விடும். அமெரிக்காவில் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2025 டிசம்பரில் எஃப்சிசி வெளிநாட்டு ட்ரோன்களைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. ஏற்கெனவே அனுமதி வாங்கிய மாடல்களுக்குப் பாதிப்பில்லை, புதுசு வராது. அதனால் இருக்கிற ட்ரோனோடு சேருகிற கண்ணாடியாகப் பார்த்து வாங்குவது இப்போது இன்னும் முக்கியம்.

அந்த டிசம்பரில் ஊருக்குப் போனபோது கண்ணாடியை மட்டும் எடுத்துப் போனேன். அதற்குள்ளேயே மெமரி கார்டு இருக்கிறது, பறக்கும்போது நான் பார்த்ததை எல்லாம் அதுவே பதிந்து வைத்துக்கொள்ளும். ட்ரோன் இல்லாமலே அதைத் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம்.

முதலில் திருப்பதி. (2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி தனி மாவட்டம், சித்தூர் தனி. நைனா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.) அலிபிரியில் பையை எல்லாம் சோதிப்பார்கள், எதற்கு வம்பு என்று கண்ணாடியைச் சித்தூர் வீட்டிலேயே வைத்துவிட்டேன். காரில் போகலாம் என்றால் கேட்கவில்லை, பஸ்தான். 2022 செப்டம்பரிலிருந்து மலைக்கு எலெக்ட்ரிக் பஸ் விடுகிறார்கள், அவர் அதில் ஏறியதே இல்லையாம். டிரைவருக்கு நேர் பின் சீட்டைப் பிடித்துக்கொண்டார். ஏறும்போது சத்தமே இல்லாத பஸ்ஸைப் பார்த்து முகம் சுளித்தார். இறங்கும்போது டிரைவர் காலை எடுத்ததும் பஸ் தானாக வேகம் குறைந்தது, அந்த நேரத்தில் பேட்டரிக்கு சார்ஜ் வேறு ஏறுகிறது என்று டிரைவர் சொன்னதும், "அப்போ கியர்ல பிடிக்கிற மாதிரிதான்" என்று சமாதானமானார். பழைய பாதையில் ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. வாந்தி வரவில்லை.

மறுநாள் மத்தியானம், சித்தூர் வீட்டில், திண்ணையில் ஈஸி சேரில் உட்காரவைத்துக் கண்ணாடியைப் போட்டுவிட்டேன். படிக்கிற கண்ணாடியை எடுக்கப் போனார். அதுவும் வேண்டாம் என்றேன். திரை கண்ணுக்கு ரெண்டு விரல் தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் லென்ஸ் அதைத் தள்ளி, தூரத்தில் இருப்பதுபோல் காட்டும். தூரப் பார்வை நன்றாக இருந்தால் பவர் திருகைப் பூஜ்யத்தில் வைத்தால் போதும். மைனஸ் ஏழிலும் ஆறரையிலும் இருந்த என் திருகுகளைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். "தெரியுதா?" "ம். ஜம்முனு."

ஜூலை மாதப் பறப்பைப் போட்டேன். வேண்டுமென்றே மெதுவான ஒன்று. நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தார். வலது கால் மெல்ல அழுத்தியது. பேசவில்லை. பண்ணை வீட்டுக் கூரை, சோள வயல், மாடுகள் எல்லாம் வரிசையாக வரும் என்று எனக்கு மனப்பாடம். அப்புறம் ட்ரோன் திரும்பி, கேமரா குனிந்து, இறங்கத் தொடங்கும் இடம்.

உதட்டைக் குவித்து ஒரு விசில். நிறுத்தினேன்.

"நாற்காலியில நீ உக்காந்திருக்க. பக்கத்துல யாரோ கிழவன், நெத்தியில கை வச்சு மேலயே பாத்துக்கிட்டு நிக்கிறான்."

"நீங்கதான் நைனா."

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். "இன்னும் கொஞ்சம் பின்னாடி போ" என்றார். போனேன். திரும்பவும் அதே இடத்தில் விசில். மூன்றாவது தடவைக்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்:

"அவ்ளோ வெயில்ல ஒரு தொப்பி வாங்கிக் குடுத்திருக்கலாம் இல்லடா."